சாரசக் கொக்கும் பாழ்நிலக் கணக்கும்

இராமாயணம் பிறந்த கதையை வகுப்பிலே சொல்லும்போது மாணாக்கர் வேடனைப் பற்றிக் கேட்பார்கள். வான்மீகியைப் பற்றிக் கேட்பார்கள். சென்ற தவணையில் ஒரு மாணவி, "அந்தப் பறவை இன்னும் இருக்கின்றதா, சேர்?" என்றாள். இலக்கிய ஆசிரியனுக்கு இத்தகைய கேள்வி எளிதில் வாய்ப்பதில்லை.

இருக்கின்றது. தமசா நதிக்கரையிலே அம்பு பட்டு வீழ்ந்த கிரவுஞ்சம் வட இந்தியச் சாரசக் கொக்கே என்பது ஆராய்ச்சியாளர் சிலரின் துணிபு. ஏறக்குறைய ஆறடி உயரம். பறக்கும் பறவைகளுள் இதனினும் உயர்ந்தது வேறில்லை. உடல் சாம்பல் நிறம். தலையும் மேற்கழுத்தும் செந்நிறம். இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் 2000ஆம் ஆண்டு முதல் இதனை அழிவுக்கு இலக்காகக்கூடிய இனமென்று குறித்து வருகின்றது.

கவி இதனைப் பாடினார். முகலாயச் சக்கரவர்த்தி ஜகாங்கீர், தாம் வளர்த்த சாரசச் சோடி அடைகாத்த விதத்தைத் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதிவைத்தார். ஆனால் பறவையை இன்றளவும் வாழவைத்திருப்பவன் பெயரறியாத குடியானவன். உத்தரப் பிரதேசத்தின் எட்டாவா, மைன்புரி மாவட்டங்களிலே சதுப்பும் குளமும் நெல்வயலும் கலந்து கிடக்கின்றன. மாரிகாலத்தில் சாரசம் ஆழமற்ற நீரிலே புல்லையும் நாணலையும் மேடாகக் குவித்துப் பெரும்பாலும் இரண்டு முட்டையிடும். நெல்வயலுக்குள்ளேயே கூடு கட்டுவதும் உண்டு. அப்போது சில முழ அகலத்துக்குப் பயிர் மிதிபட்டு மடியும். துண்டுக் காணியை நம்பிக் குடும்பம் நடத்துபவனுக்கு அதுவும் இழப்பே. எனினும், இணைபிரியாத அச்சோடியை இல்லறத்தின் இலக்கணமாகக் கருதும் மரபினால் பலர் கூட்டைக் கலைப்பதில்லை. முட்டையை எடுப்போரும் உளர். அதனை மறைக்க வேண்டியதில்லை.

உழவனின் அறியாமையே இயற்கைக்குப் பகையென்று பேசும் கனவான்கள், இந்திய அரசு 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட பாழ்நில வரைபட ஏட்டைப் புரட்டிப் பார்க்கட்டும். அங்கே நீர் தேங்கிய சதுப்புநிலம் பாழ்நிலத்தின் ஒரு வகை! மாடு மேய்க்கவும் மீன் பிடிக்கவும் புல் அறுக்கவும் ஊரார் பயன்படுத்தும் நிலம் பாழாம். ஏட்டில் அவ்வாறு பதிந்துவிட்டால் வடிகால் வெட்டுவதற்கு எவரும் கூசவேண்டியதில்லை; நிலத்தை 'மீட்கின்றோம்' என்ற அழகிய சொல்லும் கைவசம் உண்டு. யாரிடமிருந்து மீட்கின்றார்கள்?

வேறு பகைகளும் உள. தாழச் செல்லும் மின்கம்பிகளில் மோதிச் சாரசங்கள் இறக்கின்றன. பரத்பூரில் 1980களின் பிற்பகுதியிலே ஆல்ட்ரின் என்னும் பூச்சிகொல்லி இவற்றைக் கொன்றது. ஆயினும் சதுப்பு வற்றுவதே பெருங்கேடு. ஏனெனில் சாரசங்களிற் பெரும்பாலானவை சரணாலய எல்லைகளுக்கு வெளியே, ஊர்க்குளங்களையும் வயல்களையும் அண்டியே வாழ்கின்றன. ஊர்ச் சதுப்பைத் தூர்த்துவிட்டால் அங்கு வாழ்ந்த சோடி சரணாலயத்தைத் தேடிப் போகும் என்பதற்கு என்ன உறுதி? அயலிலுள்ள நெல்வயலில் அது இறங்கும். அங்கே மடியும் பயிர் இன்னொரு ஏழையினுடையது. சதுப்பைப் பாழென்று பதிந்த அலுவலகத்தின் கணக்கிலே அந்த நெல் ஏறுவதில்லை.