சுழல்தட்டும் ஓர் அமானிதமும்



கைபேசியைத் தொட்டால் உலகின் எந்தக் காரியின் ஓதலையும் கேட்கலாம் என்னும் இக்காலத்தில், பழைய இசைத்தட்டு இயந்திரம் ஒன்றைப் பழுதுபார்க்க ஐந்து மாத விடுமுறை நாள்களைச் செலவிடுவது தகுமா? இக்கேள்வியை முதலில் எழுப்பியவர் என் ராத்தா. “இது வீண்விரயம் இல்லையா, தம்பி?” என்று அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அதற்கு நான் கண்ட விடையே இக்கட்டுரை.

எங்கள் வாப்பா சிங்கப்பூரில் கடை ஊழியராக இருந்தவர். 1971இல் பிரித்தானியப் படைகள் அந்நாட்டைவிட்டு வெளியேறியபோது, ஊர் திரும்பிய ஆங்கிலேயர் ஒருவர் தம் காரார்ட் 401 சுழல்தட்டை அவருக்குக் குறைந்த விலையில் கொடுத்துச் சென்றார். இங்கிலாந்தின் ஸ்விண்டன் நகரில் உருவான இயந்திரம் அது. பின்னர் ஹஜ்ஜிலிருந்து திரும்பிய நண்பர் ஒருவர் ஷெய்கு மஹ்மூத் கலீல் அல்ஹுஸரி (ரஹ்) அவர்களின் ஓதல் பதிவான இசைத்தட்டுகள் சிலவற்றை வாப்பாவுக்கு அளித்தார். 1961இல் எகிப்தில் முழுத் திருக்குர்ஆனும் முதன்முதலாக இசைத்தட்டுகளில் வெளியானபோது ஓதியவர் அவரே. உம்மா அந்தத் தட்டுகளைக் கேட்டுத்தான் தம் ஓதலைத் திருத்திக்கொண்டார். உம்மா வஃபாத்தான பின் பெட்டி மூடப்பட்டது. முப்பது ஆண்டுகள் திறக்கப்படவில்லை.

வாப்பாவின் செவித்திறன் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வந்தது. “காது முழுதும் அடைபடுமுன் ஒரு முறை அதைக் கேட்க வேண்டும்” என்றார். ஆகவே காலம் எங்களுக்காகக் காத்திருக்கவில்லை.

பெட்டியைத் திறந்தபோது மரச்சட்டம் கரையானுக்கு இரையாகியிருந்தது. இயந்திரம் மட்டும் உறுதியாக நின்றது. இதன் அமைப்பு எளிது. மோட்டாரின் அச்சில் படிப்படியாகப் பருமன் மாறும் ஓர் உருளை உண்டு. அதற்கும் தட்டின் உள்விளிம்புக்கும் இடையே ரப்பர் விளிம்புடைய ஒரு சக்கரம் அழுந்தி நின்று சுழற்சியைக் கடத்துகிறது. உருளையின் எந்தப் படியில் சக்கரம் நிற்கிறதோ, அதற்கேற்ப நிமிடத்திற்கு 33⅓, 45, 78 சுற்றுகள் என வேகம் மாறும். இவ்வமைப்பில் மோட்டாரின் அதிர்வும் எளிதில் தட்டை எட்டிவிடும். அதனால்தான் மோட்டாரை ஸ்பிரிங்குகளில் தொங்கவிட்டிருக்கிறார்கள். அடிச்சட்டமும் கனமாக இருத்தல் வேண்டும்.

சட்டத்தை நானே செய்தேன். ஒட்டுப்பலகைகளை அடுக்கடுக்காகப் பசையிட்டு இறுக்கி, இடித்த பழைய வீட்டின் தேக்கு நிலையை அறுத்து நாற்புறமும் பொருத்தினேன். நடு அச்சைக் கழற்றிப் பிசினாகிப்போன பழைய எண்ணெயைத் துடைத்து, புது எண்ணெய் இட்டேன். மோட்டாரின் வெண்கலத் தாங்கிகளையும் எண்ணெயில் ஊறவைத்தேன். ஊசிக்கையின் எதிர்எடையைத் தாங்கும் ரப்பர் இணைப்பு தொய்ந்திருந்தது, அதை மாற்றினேன். 230 வோல்ட் செல்லும் பழைய கம்பிகளையும் சுவிட்சின் மின்தேக்கியையும் மட்டும் தேர்ந்த மின்பணியாளரிடம் விட்டேன். உயிரும் ஓர் அமானிதமே.

ஊசியின் அழுத்தத்தைச் சிறு தராசில் அளந்து, ஏறத்தாழ 1½ கிராமில் நிறுத்தினேன். அழுத்தம் மிகுந்தால் தட்டு தேயும் என்பது பலரும் அறிந்ததே. மிகக் குறைந்தாலும் ஊசி பள்ளத்தில் நிலைகொள்ளாது குதித்து அதன் சுவர்களைச் சிதைக்கும். எதிலும் நடுநிலை என்னும் நம் மார்க்கத்தின் போதனை இங்கும் பொருந்துவதைக் கண்டு வியந்தேன்.

முதல் சோதனை ஓட்டத்தின்போது ஹாஃபிழான என் மருமகன் உடனிருந்தான். குரல் ஒலித்தது; எங்களுக்கு மகிழ்ச்சி. அவன் மட்டும் தலை அசைத்தான். “மாமா, காரியின் குரல் சற்றுக் கனத்திருக்கிறது. மத்தும் நீள்கிறது” என்றான்.

இயந்திரத்தில் வேகத்தைக் காட்டும் நியான் விளக்கு ஒன்று உண்டு. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அது நொடிக்கு 100 முறை மின்னும். வேகம் சரியாக இருப்பின் தட்டின் ஓரக் குறிகள் அசையாது நிற்பதுபோல் தோன்றும். அவ்விளக்கு அணைந்து கிடந்தது. புதிது பொருத்தியதும் குறிகள் பின்னோக்கி ஊர்ந்தன. வேகம் குறைவுதான்! வேகம் நூற்றுக்கு மூன்று பங்கு குறைந்தால் ஒரு மணி நேர ஓதல் ஏறத்தாழ இரண்டு நிமிடம் நீண்டுவிடும். குரலின் சுருதியும் இறங்கிவிடும். கருவி கண்டுபிடிக்குமுன் தஜ்வீது பயின்ற செவி அதைக் கண்டுபிடித்திருந்தது. ரப்பர் விளிம்பு இறுகி வழவழப்பாகி வழுக்குவதே காரணம். அதை மென்மையாகத் தேய்த்துத் தூய்மை செய்து, வேகத் திருகையும் சீராக்கினேன். குறிகள் நின்றன.

அப்போதுதான் ராத்தாவின் கேள்விக்கு விடை கிடைத்தது. ஒருவர் ஓதியதை அவர் ஓதியவாறே, கூட்டாமலும் குறைக்காமலும் பிறர் செவியில் சேர்ப்பது பொறுப்பு. அதற்காகச் செலவிடும் நேரம் விரயமன்று. அதே இயந்திரத்தை வாங்கிக் காட்சிப்பொருளாக வைத்துப் பெருமை பேசினால், அது விரயமாகலாம். எல்லை நம் நிய்யத்தில் இருக்கிறது.

ஒரு வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் தட்டை வைத்தோம். ஓதல் நடக்கையில் பேச்சு கூடாது என்பது உம்மா வைத்த ஒழுங்கு. பேரப் பிள்ளைகளும் அதைக் காத்தார்கள். செவிக்கருவி அணிந்திருந்த வாப்பாவுக்கு எல்லாச் சொற்களும் எட்டியிருக்குமா என்று அறியேன். ஆயினும் காரி நிறுத்திய இடங்களில் அவர் உதடுகளும் நின்றன. ராத்தா மறுநாள் தம் பேத்தியையும் அழைத்து வந்தார்.

உங்கள் வீட்டுப் பரணிலும் இத்தகைய பெட்டி இருக்கலாம். பழைய இரும்புக்காரருக்குக் கொடுக்குமுன் ஒருமுறை திறந்து பாருங்கள். தட்டுகளைக் காய்ச்சி வடித்த நீரால் மட்டும் மெல்லத் துடையுங்கள். அரக்கினால் ஆன பழைய 78 சுற்றுத் தட்டுகளில் ஸ்பிரிட் படவே கூடாது, அரக்கு கரைந்துவிடும். வீட்டுப் பெரியோரையும் அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். தட்டில் பதியாத செய்திகள் அவர்களிடம் உண்டு.

நம் கைகளின் உழைப்பில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக! நம் பெற்றோரின் இறுதிக் காலத்தை இனிதாக்குவானாக! ஆமீன்.