பிச்சாவரமும் பி.பி. மாத்திரையும்!

சிதம்பரத்திலிருந்து கிள்ளை வழியாகச் சுமார் பதினைந்து கிலோமீட்டர் போனால் பிச்சாவரம். வெள்ளாறும் கொள்ளிடமும் கடலில் சேரும் இடங்களுக்கு நடுவே, ஆயிரம் ஹெக்டேருக்கும் மேல் விரிந்து கிடக்கும் அலையாத்திக் காடு. 1975-ல் 'இதயக்கனி'க்காக எம்.ஜி.ஆர். படகேறிய இடம். 2008-ல் வந்த 'தசாவதார'த்தில் கமல் தலைகாட்டிய இடம். 2022-ல் ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் இடம் பிடித்துவிட்டது. வாரக் கடைசியில் நம் ஆபீஸ் கோஷ்டிகள் வந்து இறங்குவதுதான் லேட்டஸ்ட் வரலாறு!

அப்படி ஒரு கோஷ்டியில் நானும் இருந்தேன். உடன் வந்த நண்பருக்கு வயது முப்பத்தாறு. பி.பி. 160/100. போட் ஹவுஸில் லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டே சொன்னார்: "மாத்திரை ரூம்லயே இருக்குப்பா. ஒருநாள்தானே... அப்படியே ஏதாவது ஆனாலும் இன்சூரன்ஸ் இருக்கே! ரயில் டிக்கெட் போடறப்பவே டிக் அடிச்சிட்டேன்!"

அந்த டிக்கின் விலை ஐம்பது பைசாவுக்கும் குறைவு. அது ரயில் விபத்துக்கானது சார்! ரயில் தடம் புரண்டால் பத்து லட்சம் வரை தருவார்கள். உங்கள் பிரஷர் தடம் புரண்டால் பத்துப் பைசாகூடக் கிடைக்காது. பி.காம். படித்ததற்கு இந்த மாதிரி நேரங்களில்தான் கொஞ்சம் உபயோகம்.

துடுப்புப் படகு குறுகலான கால்வாய்க்குள் நுழைந்தது. இருபக்கமும் சுரபுன்னை வேர்கள் குடைக்கம்பிகள் மாதிரி தண்ணீரில் இறங்கி நிற்கின்றன. இந்த மரம் உப்பை வேரிலேயே பெரும்பாலும் வடிகட்டிவிடும். வெண்கண்டல் வேறு வழி வைத்திருக்கிறது. உள்ளே வந்த உப்பை இலை வழியாக வெளியே தள்ளிவிடும். தில்லை மரமும் இங்கே உண்டு. சிதம்பரத்துக்குத் 'தில்லை' என்று பெயர் வந்தது இதனால்தான். அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து, கிளையை ஒடிக்காதீர்கள்.

"மரத்துக்கு உப்பை வெளியே தள்ளத் தெரியுது சார். நமக்குத் தெரியலையே!" என்றார் படகுக்காரர். நண்பர் கையிலிருந்த சிப்ஸ் பாக்கெட் மெதுவாக மடிந்தது. ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குள் உப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாய், அப்பளம், கருவாடு என்று நம் டூர் சாப்பாட்டில் மதியத்துக்குள்ளேயே அந்தக் கணக்கு முடிந்துவிடும்.

காட்டின் நடுவே நண்பர் உண்மையான கவலையை எடுத்து வெளியே வைத்தார். அடுத்த மாதம் கம்பெனி அவரைப் பத்து நாள் சிங்கப்பூர் அனுப்புகிறது. பயண இன்சூரன்ஸ் ஃபாரத்தில் 'ஏற்கெனவே ஏதாவது நோய் உண்டா?' என்று ஒரு கட்டம். ஏஜென்ட், "இல்லைன்னு போடுங்க சார், எதுக்கு வம்பு!" என்றாராம். வீட்டுக் கடனும் ரெண்டு வயசுக் குழந்தையும் இருக்கிற மனுஷன். "என்னப்பா எழுதட்டும்?" என்றார்.

இரண்டு வழக்குகளைச் சொன்னேன். மெடிக்ளெய்ம் எடுத்த ஒருவர் சர்க்கரையையும் சிறுநீரகக் கோளாறையும் மறைத்துவிட்டார். கம்பெனி பணம் தர மறுத்தது. 2009-ல் உச்ச நீதிமன்றமும் 'மறுத்தது சரியே' என்றது. இன்னொருவர் அதே 2009-ல் அமெரிக்கா போனார். இறங்கியதும் மாரடைப்பு. கம்பெனி வழக்கம்போலக் கையை விரித்தது. ஆனால், அவர் பாலிசி எடுக்கும்போதே சர்க்கரை இருப்பதைச் சொல்லியிருந்தார், மருத்துவப் பரிசோதனையும் நடந்திருந்தது. 'தெரிந்துதானே பாலிசி கொடுத்தீர்கள்?' என்ற கேள்வியே அவரைக் காப்பாற்றியது. 2021 டிசம்பரில் அவர் பக்கம் தீர்ப்பு! பன்னிரண்டு வருஷம் இழுத்தாலும் ஜெயித்தது, சொன்ன வாய்.

அதற்காக 'சொல்லிட்டோம், இனி எல்லாம் கிடைக்கும்' என்றும் நினைக்க வேண்டாம். வெளிநாட்டுப் பயண பாலிசிகள் பல, பழைய நோய்க்குப் பணம் தராது. சில, உயிருக்கு ஆபத்தான அவசரத்துக்கு மட்டும் ஒரு எல்லை வரை தரும். அந்த வரியைத் தேடிப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். உள்ளூர் மருத்துவ பாலிசியில் நிலைமை கொஞ்சம் தேவலை. 2024 ஏப்ரல் முதல், பழைய நோய்க்கான காத்திருப்புக் காலம் அதிகபட்சம் மூன்று வருஷம்தான். அதனால் முப்பது வயதில் எடுப்பது புத்திசாலித்தனம்.

இனி, மூட்டை கட்டும் முன் சில விஷயங்கள். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே டாக்டரைப் பார்த்து பி.பி. கட்டுக்குள் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள். மாத்திரை பெட்டியில் அல்ல, சட்டைப் பையில் இருக்கட்டும். இரண்டு நாளுக்குக் கூடுதலாக. டாக்டர் சீட்டின் நகலும் கூடவே. பிச்சாவரத்துக்குக் காலையிலேயே போய்விடுங்கள். உச்சி வெயிலில், நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு உடம்பு வறண்டு தலை சுற்றும். படகில் சட்டென்று எழுந்து நிற்க வேண்டாம். தலைவலிக்கோ ஜலதோஷத்துக்கோ கடையில் கேட்டு வாங்கும் சில மாத்திரைகள் பிரஷரை ஏற்றிவிடும், ஜாக்கிரதை. நெஞ்சுவலி, ஒரு பக்கம் மரத்துப்போவது, பேச்சுக் குழறுவது... இதில் எது வந்தாலும் 'கேஸ் ட்ரபிள்' என்று சோடா தேடாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். பெரிய ஆஸ்பத்திரி சிதம்பரம் அண்ணாமலை நகரில் இருக்கிறது.

பி.பி. இருப்பது ஒன்றும் குற்றமில்லை. உலகத்தில் நூறு கோடிப் பேருக்கு மேல் இருக்கிறது. அதில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு இருப்பதே தெரியாது. தெரிந்தவர்கள் அந்த விஷயத்தில் கொடுத்து வைத்தவர்கள். வெண்கண்டல் மரம் தன் உப்பை இலையிலேயே காட்டிக்கொண்டு நிம்மதியாக நிற்கிறது. நாமும் ஃபாரத்தில் ஒரு கட்டத்தில் 'ஆம்' என்று எழுதினால் குறைந்தா போய்விடுவோம்?