கரிபியன் கடலிற் பத்து நாள்

கனடாவிலே குடியேறிய எம்மவர் குடும்பங்களில், மார்கழிக் குளிர் தொடங்கியதும் உல்லாசக் கப்பலேறிக் கரிபியன் தீவுகளுக்குச் சென்று வருதல் இப்பொழுது பெருவழக்காகிவிட்டது. பிள்ளைகளைப் பார்க்கவென்று இங்கிருந்து செல்லும் முதியோரும் அப்பிரயாணத்திற் சேர்த்துக்கொள்ளப்படுகின்றனர். சென்றோர் திரும்பி வந்து படங்காட்டுகிறார்களேயன்றிச் செல்லவிருப்போர்க்கு வேண்டிய செய்திகளைச் சொல்வார் அரியர். கப்பலிலே சைவச் சாப்பாடு கிடைக்குமா, தலை சுற்றுமா, கையிலே எவ்வளவு பணம் வேண்டும் என்று கண்டவிடத்தெல்லாம் எம்மைக் கேட்போர் பலராதலின், 2023ஆம் ஆண்டு மார்கழியில் நாம் கண்டவற்றை எழுதலாமென எண்ணினோம்.

நாம் தனியே செல்லவில்லை. தொறன்ரோவில் வாழும் எமது தமக்கையாரும் அத்தானும் அவர்தம் மக்கள் இருவரும், எழுபத்தெட்டு வயதான எமது தாயாரும் உடன் வந்தனர். நாட்டிலே எரிபொருளுக்கு வரிசையில் நின்ற 2022 ஆடி மாதத்திலே தாயாரை அக்கையார் தம்மிடம் அழைத்துக்கொண்டார். பெற்றோர்க்கெனக் கனடா வழங்கும் 'சுப்பர் விசா' ஒரே முறையில் ஐந்தாண்டு வரை தங்க இடந்தருவது. அவர் அங்கேயே இருந்துவிடட்டும் என்பது அக்கையாரின் விருப்பம். யாழ்ப்பாணத்துக்கு அழைத்து வரவேண்டும் என்பது எமது விருப்பம். தொலைபேசியிலே இதனைப் பேசிப் பேசி இருவரும் மனங்கசந்திருந்தோம். தாயாரையே கேட்டுவிடுவோம், அதற்கு எல்லோரும் பத்து நாள் ஓரிடத்தில் இருப்பது நல்லது என்று அத்தான் சொன்னார். கப்பலேறியதன் உள்நோக்கம் இதுவே.

முதலில் ஆயத்தங்களைச் சொல்வோம். இலங்கைக் கடவுச்சீட்டு உடையோர் அமெரிக்கத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டு மீண்டும் அங்கேயே இறங்குவதால், பல தடவை உள்நுழைய அனுமதிக்கும் அமெரிக்க விசா வைத்திருத்தல் வேண்டும். கப்பல் தரிக்கும் தீவுகள் ஒவ்வொன்றுக்கும் தனி விதியுண்டு. மார்த்தினீக் பிரான்சின் ஒரு பகுதியேயாயினும், ஐரோப்பாவுக்கென எடுத்த பொது விசா அங்கே தானாகச் செல்லாது. ரிக்கற் வாங்கு முன்னரே தீவு தீவாகக் கேட்டு எழுத்தில் பெற்றுக்கொள்வது நன்று.

கப்பல் போர்ட் லாடர்டேலிலிருந்து மாலையிலே புறப்படுவதாயின் அன்று காலை விமானத்தை நம்பி இருத்தல் கூடாது. தொறன்ரோவிலே பனி கொட்டினால் விமானம் நிற்கும், கப்பல் நிற்காது. முதல் நாளே போய் ஓரிரவு தங்கினோம். பெட்டிகளைத் துறைமுகத்திலே வாங்கிக்கொள்கிறார்கள்; அவை அறைக்கு வந்து சேர மாலையாகிவிடும். ஆகவே மருந்து, கண்ணாடி, மாற்றுடை ஒன்று ஆகியன கைப்பையில் இருத்தல் வேண்டும். கேத்தில், ஸ்திரிப்பெட்டி, மெழுகுதிரி, ஊதுபத்தி ஆகியவற்றுக்கு அனுமதியில்லை. கப்பலிலே நெருப்புக்கு அஞ்சுவதுபோல நீருக்கு அஞ்சுவதில்லை. தாயார் கொண்டுவந்த சிறு காமாட்சி விளக்கு பெட்டியிலேயே இருக்க, மருமகள் வாங்கிக்கொடுத்த மின்கல விளக்கொன்றே சுவாமி படத்துக்கு முன் எரிந்தது. "இது அணையாமல் எரியுது, நல்லதுதான்" என்று அவர் சமாதானப்பட்டுக்கொண்டார்.

அறை தெரிவதிலும் ஒரு நுட்பம் உண்டு. மேற்றளத்து அறைக்கு விலை அதிகம், ஆட்டமும் அதிகம். கப்பலின் நடுப்பாகத்திலே, கீழ்த்தளங்களில் உள்ள அறைகளே அசைவு குறைந்தவை. தாயாரும் அக்கையாரும் இருந்த அறைக்கு மட்டும் பலகணி எடுத்தோம். மற்றையோர்க்கு யன்னலே இல்லாத உள்ளறைகள். விளக்கை அணைத்தால் பகலும் இரவும் ஒன்றே. நித்திரைக்கு மிக நல்லது, விலையும் குறைவு.

புறப்படுமுன் எல்லோரும் தத்தம் கூடுமிடத்துக்குச் சென்று, உயிர்காப்பு அங்கி அணியும் முறையையும் அபாய ஒலியையும் அறிந்துகொள்ள வேண்டும். ஏழு குறுகிய ஊதல்கள், பின்னர் ஒரு நீண்ட ஊதல். 2012 தை மாதத்தில் இத்தாலியக் கரையருகே கொஸ்தா கொன்கோர்டியா என்ற கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்தபோது முப்பத்திரண்டு பேர் மாண்டனர். அன்று ஏறிய பிரயாணிகள் பலர்க்கு அப்பயிற்சி அப்பொழுது நடந்திருக்கவில்லை. அதன் பின்னரே விதி இறுக்கப்பட்டது. எம் அருகே நின்ற சிலர் கையிலே குவளையோடு சிரித்துக்கொண்டிருந்தனர். தாயார் மட்டும் ஊதல்களை விரல்மடித்து எண்ணினார்.

அவருடைய கடலநுபவம் குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்கு வள்ளத்திற் சென்று வந்ததோடு சரி. ஆயினும் முதலிரு நாளும் வடகீழ் வியாபாரக்காற்றை எதிர்த்துக் கப்பல் கிழக்கே சென்றபொழுது படுக்கையில் வீழ்ந்தவன் இருபது வயது மருமகனே. தாயார் தம் சுருக்குப் பையிலிருந்து வேர்க்கொம்புத் துண்டொன்றை எடுத்து அவன் வாயிலே அடக்கிவைத்தார். கப்பல் வைத்தியரும் இஞ்சியைக் குறைகூறுவதில்லை. வெறும் வயிறாக இராது சிறிது உண்டு, தளத்திலே நின்று அடிவானத்தை நோக்கியிருத்தலும் பயன்தரும். அறையிலே படுத்துக்கொண்டு கைத்தொலைபேசியைப் பார்த்தல் நோயை வளர்க்கும்.

உணவைப்பற்றி அஞ்சவேண்டியதில்லை. மரக்கறி உணவு வேண்டுமென்று முற்பதிவின்போதே அறிவித்தோம். முதல் இரவே தலைமைப் பரிசாரகர் எம் மேசைக்கு வந்து, மறுநாளைக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். அவர் கேரளத்தவர். சமையலறையிலும் இந்தியர் பலர். இரவுக்கிரவு பருப்பும் சோறும் ஒரு கறியும் தனியாக வந்தன. தாமே எடுத்துண்ணும் பெருமண்டபத்திலேதான் அவதானம் வேண்டும். இறைச்சிக்கு இட்ட கரண்டியை மரக்கறிக்குள் இடுவோர் உளர். நாம் விடியற்காலையில், தட்டங்கள் புதிதாக வைக்கப்படும் வேளையிலேயே சென்றோம். வாயிலிலே கைகழுவச் சொல்லிப் பாடி ஆடி நிற்பார்கள். அதை விளையாட்டென எண்ணற்க. கப்பலிலே பரவும் வயிற்றோட்டக் கிருமிக்குக் கையிற் பூசும் மதுசாரத் திரவம் போதாது. சவர்க்காரமும் நீருமே மருந்து.

இனிப் பணம். கப்பலினுள்ளே காசு செல்லாது. அறைத் திறப்பாகிய அட்டையே எல்லாவற்றுக்கும் கணக்கு வைக்கும். காசு கண்ணிற்படாததால் கை நீளும். இரண்டு நாளுக்கொரு தடவை கணக்கைக் கேட்டுப் பார்த்தோம். இதிலே சந்தோஷப் பணம் என்ற ஒரு விடயம் உண்டு. தலைக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய பதினாறு முதல் இருபது அமெரிக்க டொலர் வரை தானாகவே கணக்கில் ஏறும். எம் ஆறு பேருக்கும் பத்து நாளைக்குமாக அது ஏறக்குறைய ஆயிரம் டொலர். கடைசி நாளிலே விசாரணை மேசைக்குச் சென்று அதனை நீக்கச் சொல்வோர் சிலர். அவ்விதம் நீக்குதல் எப்படி என்று ஒருவர்க்கொருவர் யோசனை சொல்வதையும் கேட்டோம். அது எமக்கு அருவருப்பாகவே இருந்தது.

காரணம் எம் அறைகளைப் பார்த்த இந்தோனேசிய இளைஞன். காலையும் மாலையும் வருவான். இரவிலே துவாயை மடித்து யானையாகவும் குரங்காகவும் செய்து கட்டிலில் வைப்பான். எட்டு மாத ஒப்பந்தம். முழு நாள் ஓய்வென்று ஒன்றில்லை. 2013இல் நடைமுறைக்கு வந்த கடற்றொழிலாளர் உடன்படிக்கை இருபத்துநான்கு மணியில் பத்து மணி நேர ஓய்வைத்தான் உறுதிசெய்கிறது. ஒப்பந்தத்துக்குப் புறப்பட்டபோது அவன் குழந்தை தவழ்ந்ததாம், இப்பொழுது ஓடுகிறதாம். தொலைபேசியிலே காட்டினான். தாயார் அவன் கையைப் பிடித்துத் தமிழிலேயே ஏதோ சொன்னார். அவன் தன் மொழியிலே மறுமொழி சொன்னான். அச்சந்தோஷப் பணத்தைப் பிரயாணச் செலவென்றே முன்கூட்டி ஒதுக்கிவிடுதல் வேண்டும். உறையிலிட்டுக் கையில் மேலதிகமாகக் கொடுப்பது அவரவர் மனம்.

மூன்றாம் நாள் சென்ட் மார்ட்டன். முப்பத்தேழு சதுர மைல் அளவேயான அத்தீவை 1648ஆம் ஆண்டு தொட்டு ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் பங்கிட்டு வைத்திருக்கின்றனர். தங்க நகைக்கடைகளுக்கு மேலாக ஒன்றையும் நாம் காணவில்லை. ஒன்று சொல்லவேண்டும்: கரையிலுள்ள மணிக்கூடும் கப்பலின் மணிக்கூடும் சிலவேளை ஒத்திருப்பதில்லை. கப்பலின் நேரமே நேரம். பிந்தினால் மேடையிலே நின்று கைகாட்டலாம்.

நாலாம் நாட் காலை மார்த்தினீக் தீவின் தலைநகராகிய போர்த்-த-பிரான்ஸ். வடக்கே பெலே எரிமலை. 1902 வைகாசி 8ஆந் திகதி அது வெடித்துச் சென் பியர் என்ற பட்டினத்தை ஏறக்குறைய இருபத்தெண்ணாயிரம் மக்களோடு சில நிமிடத்தில் அழித்தது. அதனைப் பார்க்கப் பலர் பேருந்தில் ஏறினர். தாயாரால் அவ்வளவு தூரம் இயலாதென்று நாம் நகரச் சந்தைக்கு நடந்தோம்.

சந்தை வாயிலை நெருங்கும்போதே தாயார் நின்றுவிட்டார். "ஆரோ தூள் வறுக்கினம்" என்றார். உள்ளே ஒரு பெண்மணியின் கடையில் மஞ்சள் நிறத் தூள் பொதிபொதியாக இருந்தது. மேலே எழுதியிருந்த பெயர் 'கொலம்போ'! கொத்தமல்லி, சீரகம், மஞ்சள், கடுகு, வெந்தயம், மிளகு என்று மோந்தே சொல்லிக்கொண்டு வந்தார் தாயார். அத்தீவிலே அத்தூளிட்டுச் சமைக்கும் கறிக்கும் பெயர் கொலம்போதான். எமது கொழும்பிலிருந்து வந்த பெயர் என்பாரும், குழம்பு என்னும் சொல்லின் திரிபு என்பாரும் உளர். தாயார் இரண்டாவது கட்சி.

அடிமை முறையைப் பிரான்சு 1848இல் ஒழித்தபின், கரும்புத் தோட்டங்களுக்கு ஆளின்றிப் புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து தமிழரை ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் ஏற்றினார்கள். முதற் கப்பலாகிய 'ஒறேலி' 1853இல் மார்த்தினீக்கை அடைந்தது. அடுத்த முப்பது வருடங்களில் இருபத்தையாயிரம் பேரளவில் வந்தனர். மொழி போயிற்று, மாரியம்மன் போகவில்லை. 'மாலியேமென்' என்ற பெயரோடு, வடக்கேயுள்ள பாஸ்-புவென்ற் என்ற ஊரிலே இன்றும் கோயில்கொண்டிருக்கிறாள்.

கடைக்காரப் பெண்மணி கறுத்த முகத்தினர். தலையிலே மதராஸ் கட்டத்துணி. கனடாப் பள்ளியிலே பிரெஞ்சு படித்த மருமகள் இடையிலே நின்றாள். தம் பாட்டியின் முன்னோர் காரைக்காலிலிருந்து வந்தவர்கள் என்றார் அப்பெண்மணி.

"அவையள் திரும்பிப் போகேல்லையோ எண்டு கேள் பிள்ளை" என்றார் தாயார்.

சிலர் போனார்களாம், எங்கள் ஆட்கள் போகவில்லை, ஏனென்று சொல்ல இப்பொழுது யாருமில்லை என்று மறுமொழி வந்தது. தாயார் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. இரண்டு பொதித் தூள் வாங்கினார். அப்பெண்மணி மூன்றாவது ஒன்றை வைத்துக் கட்டினார். அதற்குக் காசு வாங்கவில்லை.

அன்றிரவு பலகணியிலே நாம் மூவரும் இருந்தோம். கேட்பதற்கு அக்கையார்க்கும் வாய் வரவில்லை, எமக்கும் வரவில்லை. தாயாரே தொடங்கினார்.

"இஞ்சை எனக்கொரு குறையுமில்லைப் பிள்ளை. நீ பாத்த மாதிரி ஆரும் பாக்கேலாது. ஆனா கிணத்தடியிலை வைச்ச கறிவேப்பிலையை ஆர் பாக்கினம்? தை பிறக்கிறதுக்கு முதல் தம்பியோடை போறன்."

"கறிவேப்பிலைக்காகவோ அம்மா?" என்று மட்டும் அக்கையார் கேட்டார். பின்னர் உள்ளே சென்று விளக்கை அணைத்துவிட்டார். நாம் விரும்பியதே நடந்தது. ஆயினும் அவ்விரவு எமக்கு நித்திரை இல்லை.

மறுநாள் பார்படோஸ். அக்கையார் இறங்கவில்லை. அத்தானும் நாமும் கென்சிங்ரன் மைதானத்தை வெளியிலிருந்து பார்த்தோம். 2007 சித்திரை 28இல் உலகக் கிண்ண இறுதியாட்டத்திலே, இருள் கவிந்த வேளையில், எம் நாட்டவர் அவுஸ்திரேலியாவிடம் தோற்ற இடம் அது. அத்தான் அதைப்பற்றியே பேசினார், வேறொன்றும் பேசவில்லை. பெரிய மனிதர்.

அதன்பின் மூன்று நாள் கடல்தான். திருவெம்பாவைக் காலமாகையால் தாயார் வைகறையிலே எழுந்து, பக்கத்து அறையினர் விழிக்காவண்ணம் மெல்லிய குரலிற் பாடுவார். முதல் நாள் தனியாகப் பாடினார். இரண்டாம் நாள் அக்கையாரும் சேர்ந்துகொண்டார் என்று மருமகள் வந்து சொன்னாள். அன்று பின்னேரம் தாயாருக்குத் தலைவாரிக்கொண்டே, குளிர்காலம் கழித்து வரும் வருடம் தாம் யாழ்ப்பாணம் வருவதாகவும், மூன்று மாதம் நிற்பதாகவும் அக்கையார் அறிவித்தார். எம்மைப் பார்த்து, "அம்மாவின்ரை பிறஷர்க் குளிசையை நீ மறந்தாயெண்டால் தெரியும்" என்றார். அவர் எம்மோடு முகங்கொடுத்துப் பேசியது இரண்டு நாளின் பின் அதுவே முதல்.

கடைசி இரவு பெட்டிகளைக் கட்டி அறைவாயிலிலே வைத்துவிடவேண்டும். நள்ளிரவிலே எடுத்துச் செல்வார்கள். மறுநாள் உடுக்கவேண்டிய உடையை வெளியே எடுத்துவைத்தல் அவசியம். இரவாடையோடு துறைமுகத்தில் இறங்கிய ஒரு கனவானைக் கண்ணாற் கண்டோம். உண்பொருள் எதுவாயினும் சுங்கத்திற் சொல்லிவிடுவதே முறை. தாயாரின் பொதியை எடுத்து அதிகாரி மோந்து பார்த்தார். இது என்ன என்று கேட்டார். கறித்தூள் என்று அக்கையார் சொன்னார். சிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். ஒரு பொதி தொறன்ரோவிலே தங்கியது. மற்றிரண்டும் எம்மோடு வந்தன. கறிவேப்பிலை சேர்த்து வைத்த கத்தரிக்காய்க் குழம்பிலே அவை தைப்பொங்கலுக்கு முன்னரே தீர்ந்துபோயின.