மழை நாளில் எல்லோரா

சுற்றுலாவுக்கு நிகழ்ச்சி நிரல் எழுதுவோர் வெயில் நாளை மனத்திற்கொண்டே எழுதுகின்றனர். காட்சிக்கு முக்கால் மணி என்று தாளில் அடுக்குவது எளிது. மழைக்கென்று அதில் ஒரு வரியும் இருப்பதில்லை. ஆனால் ஆகஸ்டு விடுமுறையில் மராட்டிய மண்ணில் பயணம் செய்யும் நம் போன்ற மும்பைத் தமிழ்க் குடும்பங்கள் மழையைத் தவிர்க்க இயலுமா?

2023இல் சத்ரபதி சம்பாஜிநகர் எனப் பெயர் மாறிய ஔரங்காபாத்திலிருந்து நாங்கள் நாற்பது பேர் பேருந்தில் புறப்பட்டபோதே வானம் இருண்டிருந்தது. தௌலதாபாத் கோட்டை, எல்லோரா, அதனருகே கிருஷ்ணேஷ்வர் ஜோதிர்லிங்கம், பீபீ கா மக்பரா, பன்சக்கி என ஒரே நாளில் ஐந்து இடங்கள். கோட்டையை நெருங்குமுன் மழை கொட்டத் தொடங்கிற்று. செங்குத்துப் படிகளும் இருண்ட சுரங்க வழியும் உள்ள கோட்டை அது. ஈரத்தில் முதியவர்களை அழைத்துச் செல்வது ஆபத்து. விடுதிக்கே திரும்பலாம் என்றனர் சிலர். பணம் கட்டியாயிற்று, குடை பிடித்தாவது ஐந்தையும் பார்த்துவிட வேண்டும் என்றனர் வேறு சிலர். பேச்சு சூடேறியது.

"எங்க வயசுல இன்னொரு தடவை வரப்போறோமா? ஒண்ணையாவது நிதானமாப் பார்க்க விடுங்கோ" என்றார் முன்னிருக்கையிலிருந்த பாட்டி ஒருவர். அதற்கு மேல் எவரும் வாதிடவில்லை. பகல் முழுவதும் எல்லோரா, மாலையில் ஜோதிர்லிங்க தரிசனம், மற்ற மூன்றும் பிறிதொரு நாளுக்கு என்று முடிவாயிற்று.

மழைக்கு ஏற்ற இடம் எல்லோரா. அங்குள்ள 34 குகைகளும் எரிமலைக் குழம்பு இறுகிய கரும்பாறையில் குடைந்தவை. பெரும்பாலானவற்றுக்கு மலையே கூரை. மழை வலுத்திருந்த காலையில் 10ஆம் குகைக்குச் சென்றோம். மர உத்திரங்களைப்போல் வளைத்துச் செதுக்கிய கல் விதானத்தின் கீழ் குழந்தைகள் குரலெழுப்பி எதிரொலி கேட்டு மகிழ்ந்தனர். பின்னர் மூன்று நிலைகள் கொண்ட 12ஆம் குகை. அதன் மேல்தளத்தில் இருபுறமும் எழுவர் எழுவராக அமர்ந்த புத்தர்களின் முன் எங்கள் கூட்டமும் பேச்சடங்கி நின்றது. புளியோதரையும் தயிர்சாதமும் பேருந்திலேயே ஆயின.

பிற்பகலில் மழை தணிந்ததும், திறந்த முற்றமுள்ள 16ஆம் குகையாகிய கயிலாயத்துக்குள் நுழைந்தோம். 8ஆம் நூற்றாண்டில், இராட்டிரகூட மன்னன் முதலாம் கிருஷ்ணன் காலத்தில், மலையை மேலிருந்து கீழாகச் செதுக்கி எடுத்த ஒற்றைக் கற்கோயில் அது. காஞ்சிக் கைலாசநாதர் கோயிலையும் பட்டடக்கல் விரூபாட்சர் கோயிலையும் இதனோடு ஒரு மரபில் வைத்து ஆய்வர் கலை வரலாற்றறிஞர். நனைந்த பாறையில் கருமை கூடியிருந்தது. விளிம்புகளிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

தென்புறத்தில் இராவணன் கயிலையைப் பெயர்க்கும் சிற்பம். அதன் முன் அந்தப் பாட்டி நின்றுவிட்டார். அஞ்சிய உமை இறைவனைப் பற்றிக்கொள்வதையும், ஓடும் சேடிப்பெண்ணையும், கால்விரலால் மலையை அழுத்தும் பெருமானையும் ஒவ்வொன்றாகக் காட்டிக் கதை சொன்னார். ஞானசம்பந்தர் தம் பதிகங்களில் எட்டாம் பாடலை இந்தக் கதைக்கே ஒதுக்கும் வழக்கத்தையும் சொன்னார். வீட்டில் தமிழில் கேட்டால் இந்தியில் விடை சொல்லும் பேரன், "அப்புறம் என்ன ஆச்சு, பாட்டி?" என்று தமிழிலேயே கேட்டான். வேறு பிள்ளைகளும் சூழ்ந்துகொண்டனர். முக்கால் மணிக் கணக்கு இருந்திருந்தால், அக்கதை நடுவிலேயே நின்றிருக்கும்.

இனிப் பயணம் வகுக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். மழை மாதமாயின், நிரலில் ஒவ்வோர் இடத்துக்கும் எதிரே கூரை உண்டா, படி வழுக்குமா என்று குறித்துவையுங்கள். நாள் முழுவதையும் தாங்கவல்ல ஓரிடத்தை முன்னரே தேர்ந்துகொள்ளுங்கள். கதை தெரிந்த முதியவர்களை முன்னிருக்கையில் அமர்த்துங்கள். பீபீ கா மக்பராவைக் குளிர்காலத்தில் பார்த்துக்கொள்ளலாம்.