குறுகிய களத்தில் கற்றுத்தரும் ஆண்டவர்

வேதபகுதி: மாற்கு 6:7-13, 30-48

கர்த்தருக்குள் பிரியமானவர்களே,

2025-ஆம் ஆண்டின் இறுதியில் சென்னையிலும் மதுரையிலும் இளையோர் உலகக் கோப்பை ஹாக்கிப் போட்டிகள் நடைபெற்று, இந்திய அணி வெண்கலப் பதக்கம் வென்றதை நம் வாலிபர்கள் அறிவார்கள். இந்த வாரம் அதற்கு உறவான மற்றொரு விளையாட்டை நாம் தியானத்துக்கு எடுத்துக்கொள்வோம். அது ஐஸ் ஹாக்கி. வல்லக்கோட்டையின் வெயிலில் இருந்துகொண்டு பனிக்கட்டி விளையாட்டைப் பற்றி ஏன் பேசவேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். அதைச் சிறுவர்களுக்குக் கற்பிக்கும் முறையில், நம் ஞாயிறு பள்ளிக்கும் வாலிபர் ஐக்கியத்துக்கும் மிகத் தேவையான பாடம் ஒன்று இருக்கிறது.

உறைந்த தளத்தின்மேல் சறுக்குக் காலணி அணிந்து, வளைந்த மட்டையால் ஒரு வட்டை அடித்து ஆடும் ஆட்டம் இது. அந்த வட்டு 3 அங்குல விட்டமும் 1 அங்குலத் தடிமனும் உள்ள கெட்டி ரப்பர். ஒரகடத்தில் டயர் தயாரிக்கும் சகோதரர்களுக்கு அந்த ரப்பரின் உறுதியை நான் விளக்க வேண்டியதில்லை. கோல்காப்பாளர் உட்பட அணிக்கு 6 பேர் களத்தில் இருப்பார்கள். பெரியவர்களின் ஆட்டத்தில் ஒருவர் ஏறக்குறைய முக்கால் நிமிடம் முழுவேகத்தில் ஆடிவிட்டு, அடுத்தவருக்கு இடம் விட்டு வெளியே வருவார். அதற்கும் ஷிப்ட் என்றே பெயர்.

நம் தேசத்தில் இவ்விளையாட்டு வேரூன்றியிருக்கும் இடம் லடாக். ஏறக்குறைய 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் லே நகரத்திலும் அதைச் சுற்றிலும், குளிர்காலத்தில் உறைந்துபோகும் குளங்களின்மேல் பிள்ளைகள் ஆடிப் பழகினார்கள். இயற்கையான பனி சில வாரங்களே நிற்கும். அப்படிப்பட்ட களங்களில் வளர்ந்த பெண்கள் பெரும்பான்மையாக இருந்த இந்திய மகளிர் அணி, 2016-இல் முதன்முறையாகச் சர்வதேசப் போட்டியில் ஆடியது. 2017-இல் பாங்காக்கில் பிலிப்பைன்ஸ் அணியை 4-3 என்று வீழ்த்தி முதல் வெற்றியைக் கண்டது. 2025-இல் ஐக்கிய அரபு அமீரகத்தில் நடந்த ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்றது.

இப்போது பயிற்சி முறைக்கு வருவோம். சர்வதேச அளவிலான பனித்தளம் 60 மீட்டர் நீளமுள்ளது. அத்தனை பெரிய பரப்பில் 8 வயதுப் பிள்ளைகளை ஆடவிட்டால் என்ன நடக்கும்? நன்றாகச் சறுக்கத் தெரிந்த ஒரு பிள்ளை வட்டைப் பெற்று, தனியாகவே கடைசிவரை கொண்டுபோய்விடும். மற்ற பிள்ளைகள் பின்னால் சறுக்கிக்கொண்டிருப்பார்கள். ஆட்டம் முடியும்போது அவர்களுக்கு வியர்த்திருக்கும். ஆனாலும் வட்டு அவர்களுடைய மட்டையில் பட்டிருக்காது. ஆகையால் அமெரிக்காவின் ஐஸ் ஹாக்கி அமைப்பு 2009-இல் தொடங்கிய பயிற்சித் திட்டத்தில், சிறுபிள்ளைகளுக்காகத் தளத்தைக் குறுக்கே பல பகுதிகளாகப் பிரித்து ஆடும் முறையை வலியுறுத்தியது. ஒரு மூலையில் மூவருக்கு எதிராக மூவர். அடுத்த மூலையில் இருவருக்கு எதிராக இருவர். இடம் குறுகியதால் ஒவ்வொரு பிள்ளையிடமும் வட்டு அடிக்கடி வருகிறது. இழந்தாலும் சில நொடிகளில் திரும்பவும் வருகிறது.

இதில் பயிற்சியாளருடைய ஞானம் அவர் வைக்கும் விதிகளில் விளங்கும். இரண்டு பேருக்குக் கைமாற்றாமல் கோல் அடிக்கக்கூடாது என்பார். ஒரு பக்கம் ஓர் ஆளைக் குறைத்து, மூவரை இருவர் சமாளிக்கச் செய்வார். விதியைச் சொன்னபின் ஓரத்தில் நின்று கவனிப்பார். வட்டு எல்லை தாண்டினால் புதியதொன்றை உள்ளே எறிவார். எங்கே நிற்கவேண்டும், எப்போது கைமாற்றவேண்டும் என்பதைப் பிள்ளையே கண்டுபிடிக்க வேண்டும். கூம்புகளை வரிசையாக வைத்து அவற்றைச் சுற்றி வளைந்து போகும் பயிற்சியும் அவசியமே. ஆயினும் கூம்பு எதிர்த்து வராது. எதிர்த்து வரும் ஒருவருக்கு முன்பாகத்தான் பிள்ளை தீர்மானம் எடுக்கப் பழகும்.

பிரியமானவர்களே, மாற்கு 6-ஆம் அதிகாரத்தை இந்த எண்ணத்தோடு மறுபடியும் வாசியுங்கள். ஆண்டவர் பன்னிருவரையும் ஒரே கூட்டமாக அனுப்பவில்லை. இரண்டிரண்டு பேராகப் பிரித்து அனுப்புகிறார். பை இல்லை, அப்பம் இல்லை, கச்சையில் காசு இல்லை. அவர்களுடைய களத்தைச் சுருக்கி, ஒரு விதியையும் வைக்கிறார். கையில் ஒன்றுமில்லாதவன் ஒரு வீட்டின் கதவைத் தட்டித்தான் ஆகவேண்டும். திரும்பி வந்தவர்கள் தாங்கள் செய்ததையும் உபதேசித்ததையும் சொல்ல, அவர் அவர்களைத் தனியிடத்துக்கு அழைத்துக்கொண்டு போகிறார்.

அங்கேயும் திரளான ஜனங்கள் வந்து சேர்கிறார்கள். பசித்தவர்களை அனுப்பிவிடச் சொன்ன சீஷர்களிடம், நீங்களே அவர்களுக்குப் போஜனம் கொடுங்கள் என்ற பொருளில் ஆண்டவர் பேசுகிறார். பின்பு ஜனங்களைப் பசும்புல்லின்மேல் நூறும் ஐம்பதுமாகப் பந்தி அமர்த்துகிறார். பெரிய மைதானம் சிறு சிறு களங்களாகிறது. பிட்ட அப்பத்தைச் சீஷர்களுடைய கைகளில் கொடுத்து அவர்களே பரிமாறும்படி செய்கிறார். அற்புதம் அவருடையது, ஆனாலும் சீஷர்களில் ஒருவரும் வெறுங்கையாய் நின்று வேடிக்கை பார்க்க அவர் விடவில்லை.

இதை நம் சபையோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். பிள்ளைகளுக்கென்று பெரிய அறை கட்டியபின் ஊழியத்தை விரிவாக்கலாம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். கட்டடம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த அறை எழும்பும்வரை காத்திருந்தால், இன்று 9 வயதில் இருக்கும் பிள்ளை 14 வயதாகி நம் வாசலைக் கடந்து போய்விடும். ஞாயிறு பள்ளியில் கேள்வி கேட்டவுடன் கை தூக்குபவர்கள் எப்போதும் அதே நான்கு பேர். பின்வரிசைப் பிள்ளை பாடுகிறது, எழுந்து நிற்கிறது, உட்காருகிறது, வீட்டுக்குப் போகிறது. வருடம் முழுவதும் தவறாமல் வந்தும், ஒருமுறைகூட வாய் திறந்து ஜெபிக்காத பிள்ளைகள் நம்மிடத்தில் உண்டு.

மனப்பாட வசனம் மிக அவசியம். அது கூம்புகளைச் சுற்றி வரும் பயிற்சி. ஆயினும் 23-ஆம் சங்கீதத்தைப் பிழையின்றிச் சொல்லும் பிள்ளையின் பக்கத்தில், ஒப்பந்தம் முடிந்து வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட ஒருவருடைய மகன் அமர்ந்திருக்கிறான். அவனிடம் என்ன பேசுவது, அவனுக்காக எப்படி ஜெபிப்பது என்பதை மனப்பாடம் மட்டும் கற்றுத்தராது. ஒருநாள் அந்தப் பிள்ளையும் ஆலைக்குச் செல்லும். சோதனை அதன் எதிரே வந்து நிற்கும். அன்று விசுவாசத்தைக் கையில் எடுத்துப் பழகியிருந்தால்தான் நிற்க முடியும்.

ஆகையால் வரும் ஞாயிறு முதல் பாடம் முடிந்தபின் பிள்ளைகளை மூன்று மூன்று பேராக அமரச் செய்வோம். மரநிழல் போதும், ஆலயத்தின் படிக்கட்டும் போதும். மூன்று விதிகள் வைப்போம். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு வாக்கியமாவது ஜெபிக்க வேண்டும். இளையவர் பேசும்முன் மூத்தவர் பதில் சொல்லக்கூடாது. முதல் ஐந்து நிமிடம் ஆசிரியர் மௌனமாயிருக்க வேண்டும். மூன்றாவது விதியே கடினமானது என்பதை ஆசிரியர்களாகிய நீங்கள் அறிவீர்கள்.

இரவு ஷிப்ட் காரணமாக ஞாயிறு ஆராதனைக்கு வரமுடியாத வாலிபர்களே, உங்களுக்கும் ஒரு களம் உண்டு. இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து, வெளியூரிலிருந்து வந்து வாடகை அறையில் தங்கியிருக்கும் ஒருவரை வாரம் ஒருமுறை சந்தியுங்கள். துண்டுப் பிரதிகளோ பரிசுப் பொருளோ எடுத்துச் செல்ல வேண்டாம். அவர் பேசுவதைக் கேளுங்கள்; அனுமதித்தால் ஜெபியுங்கள்.

பெற்றோரே, “பெரிய பிரசங்கத்தை விட்டுவிட்டு என் பிள்ளையைப் படிக்கட்டில் உட்கார வைக்கிறார்களே” என்று வருந்தாதிருங்கள். முழுத்தளத்தில் ஆடவில்லையே என்று கவலைப்படும் பெற்றோர் ஐஸ் ஹாக்கியிலும் உண்டு. பிள்ளையிடம் வட்டு எத்தனை முறை வந்தது என்று எண்ணிப் பாருங்கள்.

சிறுபிள்ளைகளைத் தனியே பேசவிட்டால் தவறு செய்வார்களே என்ற அச்சமும் எழலாம். செய்வார்கள்தான். அப்பங்களைப் பரிமாறிய அதே நாள் இரவில் சீஷர்கள் எதிர்காற்றில் தண்டு வலித்து வருந்தினார்கள். ஆண்டவர் அப்போது படகில் இல்லை, கரையிலிருந்தார். ஆனால் அவர்கள் வருந்துகிறதைக் கண்டார் என்று மாற்கு எழுதுகிறார். கண்டவர், ஏற்ற வேளையில் கடலின்மேல் நடந்து அவர்களிடத்தில் வந்தார். நம் பிள்ளைகளையும் அவர் அப்படியே காண்கிறார்.

ஜெபம்: எங்களை நேசிக்கிற ஆண்டவரே, நீர் எங்களுக்குக் கொடுத்திருக்கும் சிறிய இடத்துக்காக ஸ்தோத்திரம். எங்கள் நடுவில் ஒரு பிள்ளையும் பார்வையாளராகவே வளர்ந்துபோகாதபடி எங்களுக்கு ஞானம் தாரும். பேசவேண்டிய இடத்தில் பேசவும், பிள்ளைகளுக்கு இடம்கொடுத்து அமைதியாயிருக்கவும் கற்றுத்தாரும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்