நன்னீர் நத்தைகள்

திருப்பத்தூர் வட்டாரத்தில் மழை பெய்து ஏரிகள் நிறைந்ததும், கோடையில் வெறுமையாய்க் கிடந்த கரையோரங்களில் நத்தைகள் ஊர்ந்து திரியும். அவை மழையோடு வந்தவை அல்ல. ஏரி வற்றியபொழுது சேற்றினுள் புதைந்து, ஓட்டின் வாயைத் தகடு போன்ற மூடியால் அடைத்துக்கொண்டு, உண்ணாமலும் உலவாமலும் மழைக்காகக் காத்துக் கிடந்தவை. வறண்ட நிலத்தில் வாழும் வகையை அச்சிற்றுயிர் நன்கு அறிந்திருக்கிறது.

உருண்டு பருத்த ஓடுடைய இந்நத்தையை அறிவியலார் பைலா என்பர். நீரில் மூச்சுவிடச் செவுளும், காற்றை உட்கொள்ள நுரையீரல் போன்றதொரு பையும் இதற்கு உண்டு. இதனை விரும்பி உண்ணும் பறவைக்கு நத்தைகுத்தி நாரை என்றே தமிழ் மக்கள் பெயரிட்டனர்.

தமிழ்நாட்டு நீர்நிலைகளில் வேறு நத்தைகளும் பல உள. முட்டையிடாமல் குஞ்சுகளையே ஈனும் குளத்து நத்தை ஒன்று. ஆட்டுக்கடாவின் கொம்புபோல் தட்டையாகச் சுருண்ட நத்தை மற்றொன்று. கோபுரம்போல் நீண்டு கூர்த்த நத்தை பிறிதொன்று. கால்நடைகளின் குருதியில் வாழும் ஒருவகைப் புழு, தன் இளமைப் பருவத்தைத் தட்டை நத்தையின் உடலிலேயே கழிக்கிறது.

உலகில் நன்னீர் நத்தை வகைகள் ஏறத்தாழ 4,000 என்பர். மெல்ல ஊரும் இவை நாடு பல கடந்து பரவியது எங்ஙனம்? வெள்ளம் ஒரு காரணம். பறவைகள் மற்றொரு காரணம். நத்தை முட்டைகள் பொரிந்துகொண்டிருந்த தொட்டியில் வாத்தின் பாதங்களைத் தொங்கவிட்டு டார்வின் சோதித்தார். நுண்ணிய குஞ்சுகள் பல அவற்றில் ஏறிப் பற்றிக்கொண்டன. நீரைவிட்டு எடுத்த பின்னும் ஈரக் காற்றில் 12 முதல் 20 மணி நேரம் உயிரோடிருந்தன. 1859-ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் அவர் இதனைக் குறித்துள்ளார்.

கோபுர நத்தையில் பெண் தனித்தே இனம் பெருக்க வல்லது. ஆதலின், ஒன்று சென்ற இடத்தில் ஒரு குடியே தோன்றிவிடும். ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் வாழ்ந்த அது இன்று அமெரிக்காவிலும் காணப்படுகிறது. இதற்கு மாறாக, மேற்குத் தொடர்ச்சி மலையின் அருவிப் பாறைகளில் வாழும் கிரெம்னோகாங்கசு என்னும் நத்தையினம் மகாராட்டிர, கருநாடகப் பகுதிகளிலன்றி உலகில் வேறெங்கும் இல்லை. அதன் உறவு நத்தைகளோ கடலைச் சார்ந்தே வாழ்கின்றன! இத்தகைய இனத்திற்கு அதன் நீர் கெட்டால், உலகமே கெட்டதாகும்.

நீர் கெடுவது எவ்வாறு என்பதைப் பாலாறு காட்டுகிறது. நந்தி மலைப் பகுதியில் தோன்றும் அவ்வாறு, கருநாடகத்தையும் ஆந்திரத்தையும் கடந்து, திருப்பத்தூர் மாவட்டத்தின் வழியே தமிழ்நாட்டினுள் நுழைகிறது. வாணியம்பாடியும் ஆம்பூரும் தோல் தொழிலால் பெயர் பெற்ற ஊர்கள். எண்ணற்ற குடும்பங்களுக்கு அத்தொழில் சோறிடுகிறது. ஆயினும், தோல் அழுகாதிருக்க இட்ட உப்பும், பதனிடச் சேர்த்த குரோமியமும் கழிவுநீரோடு ஆற்றிலும் நிலத்தடி நீரிலும் கலந்தன. தோல் தொழில் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் முற்றிலுமோ ஓரளவோ பயிரிடத் தகாததாயிற்று என்னும் ஆய்வுச் செய்தியை 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் எடுத்துக்காட்டிற்று. மாசு செய்தவரே அதற்கு ஈடு செய்தல் வேண்டும் என்றும் விதித்தது. 2025 சனவரியிலும் பாலாற்று மாசு குறித்து அந்நீதிமன்றம் ஆணையிட நேர்ந்தது.

நீர் கெட்டால் நாரை வேறு ஏரி தேடிப் பறந்துவிடும். நத்தையோ இருந்த இடத்திலேயே இருக்கும். கோடையின் வெம்மையை அதன் மூடி தடுக்கும். வாழும் நீரே நஞ்சானால் அம்மூடி என் செய்யும்? ஏரிப் பாசனத்தை நம்பி வாழும் உழவர் நிலையும் அதுவே. தொழிலும் வேண்டும், தூய நீரும் வேண்டும். மழைக்குப்பின் நத்தை விழித்தெழும் ஏரியைக் காப்பவர், அதன் கரையில் வாழும் மக்களையும் காப்பவர் ஆவர்.