அஞ்சு லட்சத்துக்குள்ள ஜாலியான பழைய கார்: கேஷுவாலிட்டி டாக்டரோட கணக்கு



போன வாரம் என் காரை ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில நிறுத்தி ஒரு போட்டோ போட்டேன். பேஷண்ட் சம்பந்தமா நான் எழுதுற பதிவுகளுக்கு வராத கூட்டம் அந்த போட்டோவுக்கு வந்துருச்சு. பாதிப் பேர் "டாக்டர், இவ்ளோ சின்ன காரா?"ன்னு கேட்டீங்க. மீதிப் பேர் "பழைய கார் வாங்கணும், எது நல்லா இருக்கும்?"னு கேட்டீங்க. முதல் கேள்விக்கு ஒரு வரியில பதில்: நான் எம்பிபிஎஸ் மட்டும் முடிச்ச அரசு டாக்டர், வீட்டு லோன் ஓடிட்டு இருக்கு, எனக்கு சின்ன கார்தான் பிடிக்கும். இந்த த்ரெட் ரெண்டாவது கேள்விக்கு.

என் தேவையை முதல்ல சொல்லிடுறேன். நாமக்கல் மாவட்டம். வீட்டுலேர்ந்து ஆஸ்பத்திரி 38 கிலோமீட்டர். போக வர 76, மாசத்துக்கு 1,700 கிட்ட ஓடும். சித்திரை வெயில்ல மதியம் ரெண்டு மணிக்கு ஓட்டணும். ஐப்பசி மழையில ராத்திரி பத்து மணிக்கு ஓட்டணும். பின்விளக்கு இல்லாம கரும்பு ஏத்திட்டுப் போற டிராக்டர், பெயின்ட் அடிக்காத ஸ்பீடு பிரேக்கர், ஆட்டு மந்தை எல்லாம் வழியில உண்டு. லீவு கிடைச்சா காரவள்ளியிலேர்ந்து கொல்லிமலை ஏறுவேன், 70 கொண்டை ஊசி வளைவு. இது அத்தனைக்கும் ஒரே கார். ஓட்டும்போது மனசுக்கு சந்தோஷமாவும் இருக்கணும். பட்ஜெட் 5 லட்சம்.

ஜாலியான கார்னா வேகமான கார்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. நம்ம ஊர் ரோட்டுல 150 குதிரைசக்தி வண்டியை முழுசா மிதிக்க இடமே கிடையாது. ஆனா 900, 1,000 கிலோ எடையில, ஸ்டீயரிங் சொன்ன பேச்சு கேக்குற, கியர் கையில வெண்ணெய் மாதிரி விழுற ஒரு மேனுவல் ஹேட்ச்பேக் இருந்தா, கொல்லிமலையில 35 கிலோமீட்டர் வேகத்துலயே சிரிச்சுக்கிட்டு ஓட்டலாம். இந்த விஷயத்துல பழைய சின்ன கார்களுக்கு நிகரே கிடையாது. புது வண்டியெல்லாம் உயரமாவும் கனமாவும் ஆயிடுச்சு.

அதனால ஜாலி மலிவாவே கிடைக்கும். காசு போற இடம் வேற. அதுக்கு கொஞ்சம் கேஷுவாலிட்டிக்கு வாங்க.

நேருக்கு நேர் மோதின ஒரு கார்லேர்ந்து நாலு பேரை இறக்குறாங்கன்னா, யார் எங்க உட்கார்ந்திருந்தாங்கன்னு காயத்தை வெச்சே ஓரளவு சொல்லிடலாம். ஏர்பேக் இல்லாத டிரைவருக்கு நெஞ்சு ஸ்டீயரிங்ல மோதியிருக்கும். நெஞ்செலும்பு, விலா எலும்பு, உள்ள நுரையீரல்னு தேடுவோம். முழங்கால் டேஷ்போர்டுல இடிச்சு தொடை எலும்பு இடுப்பு மூட்டுலேர்ந்து பின்னாடி கழண்டு வரும். பெல்ட் போடாம முன்சீட்டுல இருந்தவருக்குத் தலையும் முகமும், கண்ணாடியில அடிச்சது. பின்சீட்டுல பெல்ட் இல்லாம தூங்கிட்டு வந்தவர் முன்சீட்டு மேலயே வந்து விழுந்திருப்பார். அவர் வெயிட்டும் சேர்ந்துதான் முன்னாடி இருக்கிறவரை நசுக்குது. பெல்ட் போட்டு ஏர்பேக்கும் விரிஞ்சவங்க நிறைய பேர் நெஞ்சுல குறுக்கா சிராய்ப்போட, "என் போன் எங்க சார்?"னு கேட்டுக்கிட்டே நடந்து வருவாங்க.

பழைய கார் வாங்கும்போது நான் மாடல் பேரை முதல்ல பார்க்காம வருஷத்தைப் பார்க்கிறது இதனாலதான்.

2019 ஏப்ரல்லேர்ந்து இந்தியாவுல விக்கிற எல்லா புது கார்லயும் ஏபிஎஸ் கட்டாயம். 2019 ஜூலை 1-லேர்ந்து டிரைவர் ஏர்பேக், முன்சீட் பெல்ட் அலாரம், 80 தாண்டினா கத்துற ஸ்பீடு அலாரம் கட்டாயம். பக்கத்து சீட்டுக்கான ஏர்பேக் எல்லா கார்லயும் கட்டாயமானது 2021 முடியும்போதுதான். ஆகவே 2019 நடுவுக்கு அப்புறம் தயாரான வண்டின்னா ஒரு அடிப்படை உத்தரவாதம். அதுக்கு முந்தினதுன்னா வேரியண்ட் வேரியண்டா விசாரிக்கணும். ஒரே மாடல், ஒரே வருஷம், ஒரே கலர்ல ஒண்ணுல ஏர்பேக் இருக்கும், இன்னொண்ணுல இருக்காது.

இது எவ்வளவு பெரிய வித்தியாசம்னு ஒரு உதாரணம். 2014 ஜனவரியில குளோபல் என்கேப் நம்ம ஊர் கார்களை முதல் தடவையா 64 கிலோமீட்டர் வேகத்துல மோதவிட்டுப் பார்த்தாங்க. ஏர்பேக் இல்லாத ஃபோக்ஸ்வேகன் போலோவுக்கு பூஜ்யம் ஸ்டார். அதே போலோ, ரெண்டு ஏர்பேக்கோட, பெரியவங்க பாதுகாப்புக்கு 4 ஸ்டார். அதுக்கப்புறம் ஏர்பேக் இல்லாத போலோ விற்பனையையே நிறுத்திட்டாங்க. அதனால 2014-க்குப் பிந்தின போலோ மட்டும் என் 2019 கணக்குக்கு ஒரு விதிவிலக்கு. அதுலயும் ஏபிஎஸ் இருக்கான்னு தனியா பாருங்க. ஓட்ட அருமையான வண்டி, கதவு மூடுற சத்தத்துக்கே ரசிகர் மன்றம் உண்டு. ஆனா வேலைன்னு வந்தா பில் கொஞ்சம் கனமாத்தான் வரும்.

ஏபிஎஸ் பத்தி ஒரு வார்த்தை. மழையில அழுத்தி பிரேக் அடிச்சா சக்கரம் லாக் ஆயிடும், அப்புறம் ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் வண்டி நேராத்தான் வழுக்கும். ஏபிஎஸ் சக்கரத்தை லாக் ஆக விடாது, அதனால பிரேக்கை முழுசா மிதிச்சுக்கிட்டே டிராக்டரைத் தாண்டித் திருப்பலாம். நம்ம ஊர்ல இதோட அருமை ஐப்பசி, கார்த்திகையில தெரியும்.

எங்க ஆஸ்பத்திரிக்குப் புதுசா ஒரு ஜூனியர் தம்பி வந்திருக்கார். 3 லட்சத்து 20 ஆயிரத்துக்கு ஒரு 2013 வண்டி பார்த்து வெச்சிருந்தார். மூணாவது ஓனர், அலாய் வீல், டிக்கி முழுக்க ஊஃபர். "அண்ணா, ஓட்டிப் பாருங்க, செமயா இழுக்குது"ன்னார். நிஜமாவே இழுத்துச்சு.

"ஏர்பேக் இருக்கா தம்பி?"

"இல்லண்ணா. நான் மெதுவாத்தான் ஓட்டுவேன்."

"எதிர்ல வர்றவர்?"

தம்பி பதில் சொல்லல. அடுத்த மாசம் அவருக்குக் கல்யாணம். பக்கத்து சீட்டுல உட்காரப் போறது யாருன்னு நான் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கல. அந்த ஊஃபர், அலாய்க்கு அவர் கொடுக்க இருந்த காசோட இன்னும் கொஞ்சம் சேர்த்தா 2019-க்கு மேல போயிடலாம்.

சரி, என்னென்ன வண்டி? 2018-லேர்ந்து வந்த மூணாந்தலைமுறை ஸ்விஃப்ட், 900 கிலோவுக்கும் குறைவு. வளைவுல விளையாட்டுப் பிள்ளை மாதிரி ஓடும், மூலைக்கு மூலை மெக்கானிக் உண்டு. ரெண்டு ஏர்பேக், ஏபிஎஸ் எல்லா வேரியண்ட்லயும் இருக்கு. ஆனா குளோபல் என்கேப்ல 2 ஸ்டார்தான், அதையும் தெரிஞ்சு வாங்குங்க. டாடா டியாகோ 2020 ஜனவரியில 4 ஸ்டார் வாங்கிச்சு. என்ஜின் அவ்வளவு துடிப்பு கிடையாது, ஆனா குண்டுகுழியில ஓட்ட சுகம். (டியாகோ ஜேடிபின்னு 114 குதிரைசக்தி டர்போ ஒண்ணு கொஞ்ச காலம் வந்துச்சு. நல்ல நிலையில கிடைச்சா எனக்கு ஒரு மெசேஜ் போடுங்க.)

நான் வாங்கினது 2019 ஃபோர்டு ஃபிகோ 1.5 டீசல். 100 குதிரைசக்தி, ஒரு டன்னைக் கொஞ்சம் தாண்டின எடை. ரெண்டாவது கியர்ல கொல்லிமலை ஏறும்போது பின்னாடியிலேர்ந்து யாரோ தள்ளுற மாதிரி இருக்கும். இதே அடித்தளத்துல வந்த செடான் ஆஸ்பயருக்கு 3 ஸ்டார். 2021 செப்டம்பர்ல ஃபோர்டு இங்க கார் தயாரிப்பை நிறுத்துறதா அறிவிச்சதுலேர்ந்து "அந்த வண்டியா?"ன்னு ஜனங்க தயங்குறாங்க. அந்தத் தயக்கம்தான் வாங்குறவருக்கு லாபம். ஃபில்டர், பிரேக் பேட், கிளட்ச் மாதிரி ஓட்டத்துல தேயுற பொருளுக்குக் கவலையில்ல, பம்பர், ஹெட்லைட் மாதிரி பாடி பார்ட்ஸுக்குக் காத்திருக்க வேண்டி வரலாம். அது ஒத்துவராதவங்க ஸ்விஃப்ட் பக்கம் போங்க.

டீசல் எனக்கு ஏன் சரிப்பட்டுச்சுன்னா, மாசம் 1,700 கிலோமீட்டருக்கு டீசல் 20 மைலேஜ்ல ஏறக்குறைய 7,800 ரூபாய். பெட்ரோல் 16 மைலேஜ்ல 10,700 ரூபாய். மாசம் 2,900 மிச்சம். நீங்க மாசம் 800 கிலோமீட்டர் ஓட்டுறவங்கன்னா அந்த மிச்சம் பாதிக்கும் கீழ வந்துடும், டீசலோட சர்வீஸ் செலவுலயே போயிடும், பேசாம பெட்ரோல் வாங்குங்க. 2020 ஏப்ரலுக்குப் பிந்தின பிஎஸ்6 டீசலை ஆஸ்பத்திரி, கடை, வீடுன்னு ரெண்டு மூணு கிலோமீட்டருக்கு மட்டும் ஓட்டினா, புகையை வடிகட்டுற டிபிஎஃப் அடைச்சுக்கும். அதுக்கு அப்பப்போ ஹைவே ஓட்டம் வேணும்.

இப்போ வண்டியைப் பரிசோதிக்கிற விஷயம். நாங்க பேஷண்டைப் பார்க்கிற வரிசையேதான். முதல்ல ஹிஸ்டரி, அப்புறம் எக்ஸாமினேஷன், கடைசியாத்தான் ஸ்கேன்.

ஹிஸ்டரின்னா சர்வீஸ் ரெக்கார்டு. ஓடோமீட்டர் 45,000-னு காட்டும், ரெண்டு வருஷம் முன்னாடி சர்வீஸ் பில்லுல 71,000-னு இருக்கும். மீட்டரைத் திருப்பலாம், கம்பெனி சர்வர்ல இருக்கிற ரெக்கார்டைத் திருப்ப முடியாது. பில்லு எதுவுமே இல்லைன்னா கிளட்ச் பெடல் ரப்பர், ஸ்டீயரிங் தோல், டிரைவர் சீட்டு ஓரம் எவ்வளவு தேய்ஞ்சிருக்குன்னு பாருங்க.

எக்ஸாமினேஷனுக்குக் காலையில சீக்கிரம் போங்க. பானெட்டைத் தொட்டுப் பாருங்க, ஜில்லுன்னு இருக்கணும். சூடா இருந்தா உங்களுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி ஏதோ சத்தத்தை அடக்கி வெச்சிருக்காங்க. ஆயில் மூடியைத் திறந்தா உள்பக்கம் பால் கலந்த காபி மாதிரி இருந்தா, கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க; ஆயில்ல தண்ணி கலந்திருக்கு.

சாவி போட்டதும் டேஷ்போர்டுல ஏர்பேக் லைட் சில விநாடி எரிஞ்சு அணையணும். எரிஞ்சுக்கிட்டே இருந்தா கோளாறு. எரியவே இல்லைன்னா அதைவிட மோசம். ஒரு தடவை மோதி ஏர்பேக் விரிஞ்ச வண்டியில, புது ஏர்பேக் மாட்டுற செலவுக்குப் பயந்து, டேஷ்போர்டை ஒட்ட வெச்சு லைட்டை மட்டும் துண்டிச்சு வித்துடுறாங்க. வெளியிலேர்ந்து பார்த்தா பளபளன்னு இருக்கும், உள்ள ஒண்ணும் இருக்காது. ஸ்கேனர் வெச்சிருக்கிற மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போய் ஏர்பேக் மாட்யூலைப் படிக்கச் சொல்லுங்க. சீட் பெல்ட் அலாரம் கத்தாம இருக்க ஒரு போலி கிளிப் சொருகியிருந்தா பிடுங்கி எறியுங்க. ஏர்பேக்குங்கிறது பெல்ட்டுக்குத் துணை மட்டும்தான். பெல்ட் இல்லாம முன்னாடி பாயுறவருக்கு விரியுற ஏர்பேக்கே அடியாயிடும்.

அடுத்தது வெள்ளத்துல மூழ்கின வண்டி. 2015 டிசம்பர் சென்னை, 2023 டிசம்பர்ல மறுபடி சென்னை, அதே மாசம் தூத்துக்குடி, திருநெல்வேலி. அந்த வண்டியெல்லாம் கழுவித் துடைச்சு வேற மாவட்டத்துல விற்பனைக்கு வரலாம். சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்க, உள்ள சுருண்டிருக்கிற பகுதியில சேத்துக் கறை தெரியும். ஸ்டெப்னியைத் தூக்கி அடியில துரு இருக்கான்னு பாருங்க. தரை மேட்டுக்கு அடியில மூக்கை வெச்சு மோந்து பாருங்க. வெக்கப்படாதீங்க, நாங்க இதைவிட மோசமானதெல்லாம் மோந்து பார்த்திருக்கோம்.

டயர் பக்கவாட்டுல நாலு இலக்க எண் இருக்கும். 2319-னா 2019-ல 23-வது வாரம். பட்டன் நல்லா இருந்தாலும் ஆறு வருஷம் ஆன டயர் மழைக்கு ஆகாது. 5 லட்சத்தையும் வண்டியிலயே போட்டுடாம 50,000 ரூபாய் கையில வெச்சுக்கங்க. முதல் மாசமே நாலு டயர், பிரேக் ஆயில், கூலன்ட், வைப்பர், ஏசி கேஸ் முடிச்சுட்டா ஒரு வருஷத்துக்கு நிம்மதி. மஞ்சளாப் போன ஹெட்லைட் கண்ணாடியை பாலிஷ் போடுங்க, ராத்திரி பார்வை அப்படியே மாறிடும்.

பேப்பர் விஷயம் சுருக்கமா. ஆர்சியில லோன் அடமானம் நீக்கியாச்சா, அபராத பாக்கி இருக்கான்னு பரிவாகன் தளத்துல பாருங்க. படிவம் 29, 30-ல கையெழுத்து வாங்கி உடனே பேர் மாத்துங்க. கைமாறின 14 நாளுக்குள்ள இன்சூரன்ஸையும் உங்க பேருக்கு மாத்த விண்ணப்பிக்கணும். விக்கிறவங்களுக்கும் சேர்த்துச் சொல்றேன்: ஆர்சியில யார் பேர் இருக்கோ அவங்கதான் ஓனர்னு 2018-லயே உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. வித்த வண்டி எங்கயாவது மோதினா நஷ்டஈடு உங்க வீட்டு வாசலுக்கு வரும்.

ஒண்ணு விட்டுட்டேன். எத்தனை ஸ்டார் வாங்கின வண்டியும் தூக்கத்துல ஓட்டுறவரைக் காப்பாத்தாது. நைட் டூட்டி முடிஞ்சா டூட்டி ரூம்ல ஒரு மணி நேரம் படுத்துட்டுத்தான் கிளம்புவேன். வீட்டுல திட்டுவாங்க, பரவாயில்ல.

ஜூனியர் தம்பி அந்த 2013 வண்டிக்கு அட்வான்ஸ் கொடுக்கல. ஞாயித்துக்கிழமை ராசிபுரத்துல ஒரு 2020 ஸ்விஃப்ட் பார்க்க ரெண்டு பேரும் போறோம். காலை ஆறரை மணிக்கு வர்றோம், அதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணிடாதீங்கன்னு ஓனர்கிட்ட போன்ல சொல்லியாச்சு.